குழுவாகப் போனால் அறை வாடகை குறையுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பம்புகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதுதான் என் பிழைப்பு. ஆனால் செயலாளர் அண்ணன், "நீதானப்பா ரெண்டு வருஷமா எல்லாருக்கும் ரூம் போடுறே, அதைப் பத்தியே பேசு" என்று சொல்லிவிட்டார். மேடையில் பேசுகிற விஷயமா இது என்று முதலில் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, நம் சந்திப்புக்கு யார் வருகிறார்கள், யார் வராமல் போகிறார்கள் என்பதே இதில்தான் அடங்கியிருக்கிறது என்று பட்டது.

முதலில் ஒரு கேள்வி. இருபது அறை எடுத்தால் ஹோட்டல்காரர் ஏன் விலையைக் குறைக்கிறார்? நம் மேல் பிரியமா? இன்று இரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு விற்க முடியாது. மீன் மாதிரிதான், பொழுது சாய்ந்தால் விலை போகாது. இருபது அறையும் நிச்சயம் நிறையும் என்று ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால், அந்த நிம்மதிக்கு அவர் தரும் விலைதான் தள்ளுபடி. இன்னொரு காரணமும் உண்டு. செல்போன் ஆப் வழியாக அறை போனால் அந்தக் கம்பெனிக்கு அவர் 15 சதவீதமோ அதற்கு மேலோ கமிஷன் தர வேண்டியிருக்கிறது. நாம் நேரே போனால் அது அவருக்கு மிச்சம். ஆகையால் பத்து சதவீதம் குறைத்துவிட்டு, "உங்களுக்காகத்தான் சார்" என்று அவர் சொன்னால் சிரித்துக்கொண்டே மேலும் கேளுங்கள்.

இப்போது எங்கள் செட்டுக் கணக்கைச் சொல்கிறேன். 2023இல் இராமேஸ்வரத்தில் சந்திப்பு வைத்தோம். தனியாகப் போட்டால் அறை 2,000 ரூபாய். இருபது அறைக்கு 1,600 என்று பேசி முடித்தார் எங்கள் பொறுப்பாளர் நண்பர். மண்டபத்தில் படகு இஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருப்பவர். இருபது சதவீதத் தள்ளுபடி! வாட்ஸ்அப்பில் ஒரே பாராட்டு மழை.

அப்போது பழைய பாம்பன் பாலத்தில் ரயில் கிடையாது. 1914இல் திறந்த பாலம், 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். வண்டிகள் மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ நின்றுவிடும். அங்கே இறங்கி, குழந்தைகளையும் மூட்டைகளையும் பஸ்ஸில் ஏற்றி வர வேண்டும். கடைசி வாரத்தில் ஒவ்வொருவராக, "சாரி மாப்ளே" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வந்தது பதினான்கு அறைக்கு ஆள். ஆறு அறை காலி, இரண்டு இரவு. 19,200 ரூபாய், அன்றைய 12 சதவீத வரி சேர்த்து 21,504. ஹோட்டல்காரரைக் குறை சொல்ல முடியாது. எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளில் அப்படித்தான் இருந்தது.

வரியை விட்டுவிட்டுக் கணக்குப் பாருங்கள். ஓர் இரவுக்கு 32,000 ரூபாய். அதைப் பதினான்கால் வகுத்தால் ஓர் அறை 2,286. தனித்தனியாகப் போட்டிருந்தால்கூட 2,000தான்! இருபது சதவீதத் தள்ளுபடி என்றால் ஐந்தில் ஓர் அறை காலியானதுமே லாபம் பூஜ்யம். அதற்கு மேல் ஒவ்வொரு காலி அறையும் நஷ்டம். பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் பேரம் பேசும் உற்சாகத்தில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

அந்த 21,504 ரூபாயை அவர் தன் கையிலிருந்து கட்டியிருக்கிறார். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அவர் வீட்டம்மா பேச்சுவாக்கில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு பங்கு போட்டுத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். "இனிமே ரூம் வேலை மட்டும் எங்கிட்ட குடுக்காதீங்கப்பா" என்றார். அப்படித்தான் அது என் தலையில் வந்து விழுந்தது.

அதிலிருந்து நான் இருபது அறை என்று பேசுவதே இல்லை. பன்னிரண்டுக்கு உறுதி சொல்வேன். மீதி எட்டை, காலியாக இருந்தால் இதே விலைக்குத் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வேன். ரிலீஸ் தேதி என்று ஒன்று உண்டு. அதற்குள் திருப்பிக் கொடுக்கும் அறைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அதை இரண்டு தவணையாகக் கேட்பேன்: ஒரு மாதத்துக்கு முன் ஒரு பகுதி, பத்து நாளுக்கு முன் ஒரு பகுதி. இதற்குச் சம்மதிக்கிறவரிடம் தள்ளுபடி ஐந்து சதவீதம் குறைந்தாலும் பரவாயில்லை.

தேதி முக்கியம். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கரையில் நிற்க இடம் இருக்காது. அன்றைக்குக் குழு விலை கேட்டால் ஹோட்டல்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். மே மாதம் பள்ளி விடுமுறை. பஞ்சாங்கம் பார்க்காமல் இந்தத் தீவில் அறை பேசக் கூடாது. நான் ஞாயிறு இரவையும் திங்கள் இரவையும் கேட்பேன். சனி வந்த கூட்டம் ஞாயிறு மாலை கிளம்பிவிடும், அப்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும். லீவு போட வேண்டுமே என்று முணுமுணுப்பு வரும், வரட்டும். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, வைத்தால் படகு வைத்திருக்கும் நம் நண்பர்கள் கரையில் இருப்பார்களே என்று ஒருவர் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் அந்த 61 நாளில்தான் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். பட்டறை நண்பருக்குத் தலை நிமிர நேரமிருக்காது.

வாடகையை விட அதிகமாகப் பேரம் பேச வேண்டியது நேரத்தைப் பற்றி. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி தீவுக்குள்ளேயே வருகிறது. (72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலே போகும் பாலம். தம்பிகள் ஒரு தடவை நின்று பாருங்கள்.) சென்னையில் இரவு ஏறினால் காலையில் இறக்கிவிடும். ஹோட்டலிலோ பன்னிரண்டு மணிக்குத்தான் அறை. கைக்குழந்தையோடு வரவேற்பறை சோபாவில் நாலைந்து மணி நேரம்! ஆகவே இரண்டு அறையையாவது வந்ததும் திறந்துவிடச் சொல்லுங்கள்.

கிளம்பும் நாளும் அப்படித்தான். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்தோடு வருவார்கள்; உலர்ந்த துணி மாற்றித்தான் சாமி கும்பிடப் போக வேண்டும். அதற்குள் அறையைக் காலி செய்யும் நேரம் வந்துவிடும். மாலை வரை ஓர் அறையைக் கூடுதல் பணமில்லாமல் விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். வேன் டிரைவருக்குப் படுக்கை உண்டா என்றும் கேளுங்கள், ராத்திரி முழுக்க ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடந்தவர்தான் மறுநாள் நம் குழந்தைகளைத் தனுஷ்கோடிக்கு ஓட்டிப் போகப் போகிறார். வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பழைய பன்னிரண்டைப் போட்டு எழுதித் தந்தால் திருப்பிக் கொடுங்கள்.

குழுவாகத் தங்குவது இந்தக் கரைக்குப் புதிது இல்லை. சேது யாத்திரை போகிறவர்களுக்காகச் சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராத்திய மன்னர்களும் வழி நெடுகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் அப்படி வந்ததுதான். நகரத்தார் ஒருபடி மேலே போய், 1863இலேயே காசியில் தங்களுக்கென்று சத்திரம் அமைத்துக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக வருவோம் என்ற உறுதி இருந்ததால் அவர்கள் கட்டிடத்தையே வாங்கிவிட்டார்கள். நமக்கு இரண்டு இரவுக்கே உறுதி சொல்ல ஆள் கிடைப்பதில்லை.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். தலைக்கு இவ்வளவு என்று குரூப்பில் போட்டதும் சிலர், "அன்னிக்கு வேலை இருக்கு" என்பார்கள். எல்லோருக்கும் வேலை இருக்காது. 1,600 என்பது பெங்களூரிலும் துபாயிலும் இருப்பவருக்கு ஒரு சாப்பாட்டுச் செலவு. இங்கே ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கு அப்படி இல்லை. பத்துப் பன்னிரண்டு அறை எடுத்தால் ஓர் அறை இலவசமாகத் தரும் வழக்கம் பல ஹோட்டல்களில் உண்டு, கேட்டால்தான் தருவார்கள். அந்த அறையைச் சிறப்பு விருந்தினருக்குக் கொடுப்பதுதான் நம் சங்கத்து வழக்கம். நான் இதற்கு உடன்படவில்லை. விருந்தினர் அறைக்குச் சங்கம் பணம் கட்டட்டும். இலவச அறை, வர ஆசைப்பட்டும் வர முடியாதவருக்குப் போகட்டும். யாருக்குப் போனது என்பது பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். செயற்குழுவில் இதைச் சொன்னபோது இரண்டு அண்ணன்மார் முகம் சுளித்தார்கள். அவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள், அதனால்தான் மைக்கில் சொல்கிறேன்.

அடுத்த சந்திப்புக்கான பெயர்ப் பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது. பெயரோடு முன்பணமும் கொடுத்தால்தான் அது பெயர். ரயிலா, பஸ்ஸா, காரா என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விடாதீர்கள். காலை ரயிலில் எத்தனை குடும்பம் என்று தெரிந்தால்தான் எத்தனை அறையை முன்கூட்டித் திறக்கச் சொல்வது என்று நான் பேச முடியும்.