ஐந்தாம் தரத்துக்குப் பிறகு பிள்ளையின் பேர் எந்த இடாப்பில்?

(பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பாடசாலையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் எமது நலன்புரிப் பிரிவினர் பேசியதன் எழுத்து வடிவம்.)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க, விறகு எடுக்க, கடைக்குப் போய்வர என்று உங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு நாள்தான். அதிலும் ஒரு மணித்தியாலத்தை எங்களுக்குத் தந்திருக்கிறீங்க. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

அந்தி வரைக்கும் மலையில் நின்று கொழுந்து எடுத்தாலும், செக்ரோலில் பேர் விழவில்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. அதை நீங்க ஒருத்தரும் சும்மா விடமாட்டீங்க. கணக்கப்பிள்ளையிடம் கேட்பீங்க, தலைவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கே போவீங்க. போகத்தான் வேண்டும். இப்போது நாங்க ஒரு கேள்வி கேட்கிறோம். போன வருஷம் இந்தப் பாடசாலையில் ஐந்தாம் தரம் முடித்த உங்க பிள்ளையின் பேர், இன்றைக்கு எந்தப் பாடசாலை இடாப்பில் இருக்கிறது?

இந்தக் கேள்வியை வேறு ஒரு தோட்டத்திலும் கேட்டோம். பசறைக்கு அப்பால் உள்ள தோட்டம். அங்கே ஒரு பையன். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை. அப்பாவுக்கு மலையில் வேலை. வளர்த்தது அப்பாயி. புலமைப்பரிசில் பரீட்சையில் பையனுக்கு 61 புள்ளி. "பெயிலாப் போச்சு தம்பி, இனி எங்கே படிக்கப் போறான்" என்று அப்பாயி எங்களிடமே சொன்னார். ஜனவரி வந்தது. ஆறாம் தரம் உள்ள பாடசாலை ஐந்து மைல். ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. பையன் முதலில் லயத்து வாசலில் கோலி விளையாடினான், பிறகு மாடு பார்த்தான், பிறகு யாரோ ஒரு சொந்தக்காரரோடு கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

தோட்டப் பாடசாலையில் விசாரித்தோம். "எங்களிடம் ஐந்தோடு முடிந்தது, பேர் வெட்டியாச்சு" என்றார்கள். டவுன் பாடசாலையில் விசாரித்தோம். "அப்படி ஒரு பிள்ளை எங்களிடம் வரவே இல்லை" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இரண்டு இடாப்பும் சரியாகத்தான் இருந்தது. நடுவில் பிள்ளையைத்தான் காணவில்லை.

எங்க பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைக் காம்பராவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நிறை பார்க்கிறோம், ஊசி போட்டதா என்று பார்க்கிறோம், எல்லாம் அட்டையில் எழுதுகிறோம். ஐந்து வயது முடிந்ததும் அட்டையை மூடி அலுமாரியில் வைத்துவிடுகிறோம். பத்து வயதில் அந்தப் பிள்ளை எங்கே என்று நாங்களும் கேட்டதில்லை. இனி கேட்கப் போகிறோம். அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

முதலில் அந்த "பெயில்" என்ற சொல்லைப் பார்ப்போம். புலமைப்பரிசில் பரீட்சையில் இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. அது இரண்டு காரியத்துக்காக வைக்கிற பரீட்சை. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவிப் பணம் கொடுப்பது ஒன்று. பெரிய பாடசாலைகளில் ஆறாம் தரத்தில் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவது மற்றது. வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளைக்கு இந்த இரண்டில் ஒன்றோ இரண்டுமோ கிடைக்கலாம். வராத பிள்ளைக்கு அவை கிடைக்காது, அவ்வளவுதான். ஆறாம் தரம் படிக்கும் உரிமை புள்ளியைப் பார்த்து வருவதில்லை. 61 எடுத்த பிள்ளைக்கும் உண்டு, 161 எடுத்த பிள்ளைக்கும் உண்டு. நாடு முழுவதிலும் இந்தப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளில் மிகப் பெரும்பான்மையோர் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான். அவர்கள் எல்லோரும் ஜனவரியில் ஆறாம் தரத்துக்குப் போகத்தான் செய்கிறார்கள். நம்ம லயத்தில் மட்டும் ஏன் அதை வாசலடைப்பாக எடுத்துக்கொள்கிறோம்?

ஏன் என்பதற்குப் பழைய காரணம் இருக்கிறது. வயதானவர்களுக்குத் தெரியும். தோட்டப் பாடசாலை என்பது துரை நடத்தியது. 1907ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளர்களின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தோட்டத்துக்குச் சொன்னது. ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், எல்லா வகுப்புக்கும் அவரே. பத்து வயதோடு கணக்கு முடிந்தது, அடுத்தது பெரட்டு. 1945இல் கன்னங்கரா அமைச்சராக இருந்தபோது நாட்டில் இலவசக் கல்வி வந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கு மத்திய கல்லூரிகளும் புலமைப்பரிசில் பரீட்சையும் வந்தது அந்தக் காலத்தில்தான். தோட்டப் பாடசாலை அதற்கு வெளியே நின்றது. 1960, 1961இல் மிஷன் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தபோதும் வெளியேதான் நின்றது. 1972, 1975 காணிச் சட்டங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போன பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாக நம்ம பாடசாலைகளும் அரச பாடசாலைகள் ஆகின. மற்றவர்களுக்கு ஒரு தலைமுறைக்கு முன்னே திறந்த கதவு அது.

எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் ஐயாவைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1934இல் ஹாலிஎலைப் பக்கம் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாதான் அந்தத் தோட்டப் பாடசாலை வாத்தியார். வாத்தியார் மகனுக்கே மேலே படிக்க இங்கே வழியில்லாமல், கடல் தாண்டிக் கும்பகோணத்துக்குப் போய் மூன்று வருஷம் படித்தார், திரும்பி வந்து பதுளை புனித பீட்ஸ் கல்லூரியில் தொடர்ந்தார். 2022இல் காலமானார். அன்றைக்கு ஆறாம் வகுப்புக்குக் கடல் தாண்ட வேண்டியிருந்தது. இன்றைக்கு ஐந்து மைல். அந்த ஐந்து மைல் லேசானது என்று சொல்ல வரவில்லை, அதற்குப் பிறகு வருகிறோம்.

இன்றைய நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அரச பாடசாலைகளில் நாலு வகை உண்டு. 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானம் வரைக்கும் உண்டு. 1சி என்றால் உயர்தரம் உண்டு, விஞ்ஞானப் பிரிவு இல்லை. வகை 2 என்றால் 11ஆம் தரம் வரைக்கும். வகை 3 என்றால் கீழ் வகுப்புகள் மட்டும், நம்ம தோட்டங்களில் பெரும்பாலும் ஐந்தோடு நிற்கும். உங்க பாடசாலை எந்த வகை என்று அதிபரிடம் இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க. வகை 3 என்றால், உங்க பிள்ளை கட்டாயம் ஒரு தடவை பாடசாலை மாறத்தான் வேண்டும். அந்த மாற்றம் தானாக நடக்காது. ஒருத்தர் நடத்தி வைக்க வேண்டும்.

சட்டமும் மாறியிருக்கிறது. 1998இலிருந்து 5 முதல் 14 வயது வரை படிப்பு கட்டாயம் என்று இருந்தது. 2016இல் அதை 16 வயது வரை நீட்டினார்கள். வேலைக்கு வைக்கும் வயதையும் 2021இல் 14இலிருந்து 16 ஆக்கினார்கள். அதே 2021 ஜூலையில், டயகமத் தோட்டப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன நம்ம பிள்ளை ஒன்று தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் இறந்ததை எல்லோரும் டீவியில் பார்த்தோம். தோட்டத்துக்குத் தோட்டம் அழுதோம். அதற்குப் பிறகும் தரகர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். "நல்ல வீடு, சாப்பாடு, படிக்கவும் வைப்பாங்க" என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம், "எந்தப் பாடசாலையில் சேர்ப்பீங்க, அதிபர் கடிதம் இருக்கா" என்று மட்டும் கேட்டுப் பாருங்க.

சரி, செய்ய வேண்டியது என்ன? ஐந்தாம் தரத்துப் பிள்ளை உள்ள வீட்டில், பரீட்சை முடிந்த கையோடு, முடிவு வருகிற வரைக்கும் காத்திராமல், அதிபரிடம் போங்க. "முடிவு எப்படி வந்தாலும் என் பிள்ளை ஜனவரியில் எங்கே போகும்?" என்று கேளுங்க. வருஷம் முடியும்போது விடுகைப் பத்திரத்தைக் கையில் வாங்குங்க. இதுதான் மிக முக்கியம். அந்தக் கடதாசி இருந்தால்தான் அடுத்த பாடசாலை பிள்ளையை இடாப்பில் ஏற்றும். வாங்கி ரங்குப்பெட்டியில் பூட்டி வைக்கவும் கூடாது, புதிய அதிபரின் மேசையில் வைக்க வேண்டும். அங்கே இடமில்லை என்று சொன்னால் வீட்டுக்குத் திரும்பிவிடாதீங்க. வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்க. எழுதத் தெரியாது என்ற வெட்கம் வேண்டாம், எழுதிக் கொடுக்க நாங்க இருக்கிறோம்.

பிறப்புச் சான்றிதழில்தான் நம்ம சனத்துக்குப் பெரிய தொல்லை. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பிள்ளையின் சான்றிதழில் வேறு எழுத்து. அப்பா பேர் ராமையாவா ராமையனா என்று அதிகாரி கேட்பார். பிள்ளை சின்னதாக இருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. 15 வயதில் அடையாள அட்டைக்கு எழுதும்போது, சாதாரணதரப் பரீட்சைக்குப் பேர் அனுப்பும்போது வந்து முட்டும். அப்போது நேரம் இருக்காது. எழுத்துப் பிழையைத் திருத்த, பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். பிள்ளை பிறந்து மூன்று மாதத்துக்குள் பதிவது லேசு. ஒரு வருஷம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, அலைச்சல் கூட. பதிவையே தேடிக் கண்டுபிடிக்க முடியாத பிள்ளைக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். சான்றிதழ் இல்லை என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் அதிபரிடம் கூட்டிக்கொண்டு போங்க, கடதாசி வேலையைப் பின்னால் பார்ப்போம்.

இந்தக் கடதாசிகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாசல் பக்கமாக வையுங்க. ஏன் வாசல் பக்கம் என்று உங்களுக்கே தெரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தைக்கு மேலே மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்கள் மண்ணுக்குள் போனது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பின. திரும்பி வந்த சில பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையிலும் நம்ம மாவட்டத்தில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது, எத்தனை உயிர் போனது! ஓடு என்று சொன்னால் முதலில் பிள்ளையைத் தூக்குவோம். பை வாசலில் தொங்கினால் மற்றக் கையால் அதையும் எடுக்கலாம்.

இனி அந்த ஐந்து மைல். பஸ் சீசன் டிக்கட்டை அதிபரின் அத்தாட்சியோடு போக்குவரத்துச் சபை டிப்போவில் குறைந்த காசுக்கு எடுக்கலாம். சில வழிகளில் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே சிசு செரிய பஸ் ஓடுகிறது. உங்க ரோட்டில் ஓடவில்லை என்றால், எத்தனை பிள்ளைகள், எந்தச் சந்தியில், எத்தனை மணிக்கு என்று கணக்கெடுத்து எல்லோரும் கையெழுத்துப் போட்டு டிப்போவுக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கொடுப்போம். தலைவர்மாரே, இதில் சங்கம் பார்க்காதீங்க. பஸ் சிவப்பு நிறம், எல்லாச் சங்கத்துப் பிள்ளையும் அதில்தான் ஏறும்.

பொம்பிளைப் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. ஒற்றையடிப் பாதையில் தனியாக அனுப்பப் பயம் என்று பல தாய்மார் சொன்னார்கள். அந்தப் பயம் நியாயம். அதற்குப் பிள்ளையை நிறுத்துவதுதான் வழி என்று நாங்க நினைக்கவில்லை. ஒரு தோட்டத்தில் நாலு லயத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, ஓய்வுபெற்ற பெரியவர் ஒருத்தர் மெயின் ரோட்டு வரைக்கும் தினமும் கூட்டிக்கொண்டு போய் விடுகிறார். கையில் ஒரு குடை, ஒரு தடி, வாயில் வெற்றிலை. பிள்ளைகள் அவரைப் "பஸ் தாத்தா" என்கிறார்கள். சம்பளம் ஒன்றும் இல்லை, மாதம் ஒருக்கா வெற்றிலைக்குக் காசு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

கொழுந்து கூடின மாதத்தில் பெரிய பிள்ளையைத் தம்பி தங்கச்சியைப் பார்க்க நிறுத்துகிற வழக்கமும் இருக்கிறது. சின்னதைப் பிள்ளைக் காம்பராவில் விடுங்க. பெரட்டு நேரத்துக்கு முன்னே அது திறக்கவில்லை என்றால் அது உங்க குற்றமில்லை, எங்களிடம் சொல்லுங்க, துரையிடம் பேசுவது எங்க வேலை.

பேச்சு போதும். அந்த மேசையில் இரண்டு கொப்பி இருக்கிறது. நீலக் கொப்பியில் இந்த வருஷம் ஐந்தாம் தரம் படிக்கும் பிள்ளைகளின் பேர் எழுதுவோம். சிவப்புக் கொப்பியில், ஐந்து முடித்து எங்கேயும் சேராமல் நிற்கிற பிள்ளைகளின் பேர். சிவப்பில் எழுத வெட்கப்பட வேண்டாம், ஒருத்தரையும் திட்ட மாட்டோம். சான்றிதழ் கொண்டுவந்தவர்கள் அந்தப் பக்கத்து வரிசையில் நில்லுங்க, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இப்போதே பார்த்துச் சொல்கிறோம். ஜனவரியில் பாடசாலை திறந்து இரண்டாவது வாரம் இந்த இரண்டு கொப்பியையும் தூக்கிக்கொண்டு லயம் லயமாக வருவோம். தேத்தண்ணி ஊற்றி வையுங்க.