சிதறால் மலையின் குரத்தியார்

இராஜாக்கமங்கலத்திலிருந்து மார்த்தாண்டம் வழியே சிதறால் மலைக்குச் செல்வோருள், பாறைச் சிற்பங்களைப் புத்தரெனக் கருதுவோர் உளர். ‘ஆசிய ஜோதி’ பாடிய கவிமணியின் மாவட்டத்தில் இம்மயக்கம் வியப்பன்று! ஆயினும் முக்குடைக்கீழ் வீற்றிருப்போர் சமணத் தீர்த்தங்கரர். அரவம் குடைவிரிக்க நிற்பவர் பார்சுவநாதர். சிங்கத்துடன் நிற்பவள் அம்பிகை என்னும் இயக்கி.

உருவங்களினும் அரியது அங்குள்ள ஒரு கல்வெட்டு. 9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்தியார் பகவதிக்குப் பொன்னணி வழங்கியதை அது கூறுகிறது. குரத்தி என்பது குறத்தியன்று. சமணத் துறவில் ஆசானாய் விளங்கிய பெண்ணைக் குறிக்கும் சொல். பகவதியென அன்று வணங்கப்பட்டவளும் சமண இயக்கியே. பின்னாளில் அத்தலம் இந்துக் கோயிலாகியும் பகவதி என்னும் பெயர் மாறவில்லை. மலையேறும் கவிஞர்கள் சிற்பங்களோடு திரும்பிவிடாமல் அவ்வெழுத்துகளையும் தேடிக் காணுதல் வேண்டும்.