மோதலில் பிறக்கும் துகள்கள்

திருவண்ணாமலைத் தலபுராணத்தை நீங்கள் அறிவீர்கள். ஜோதி வடிவின் அடியைத் தேடி வராகம் நிலத்தைக் குடைந்தது. முடியைத் தேடி அன்னம் வானில் பறந்தது. புராணத்துக்குள் பௌதிகம் ஒளிந்திருக்கிறது என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்வது இரண்டுக்கும் நன்மை செய்யாது. ஆயினும், மேலும் கீழும் தேடிய தேடலொன்று நம் அண்டையிலேயே நடந்திருக்கிறது.

இரண்டு மாட்டு வண்டிகள் மோதினால் உடைந்த மரத்துண்டுகளே மிஞ்சும். மிகு வேகமுள்ள இரண்டு புரோட்டான்கள் மோதினாலோ, அவற்றுள் முன்பு இல்லாத துகள்கள் புதிதாகப் பிறக்கின்றன. மோதலின் ஆற்றலே நிறையாக உருமாறுகிறது. ஜெனீவாவுக்கு அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் இத்தகைய மோதல்களை நிகழ்த்துகிறார்கள். 2012-இல் ஹிக்ஸ் துகள் அங்கே அகப்பட்டது. அதனால் 'ஸ்டாண்டர்டு மாடல்' என்னும் கொள்கை நிறைவு பெற்றது. அதை மீறும் புதிய துகள் எதுவும் அவ்வளையத்தில் இதுவரை சிக்கவில்லை.

இயந்திரம் வருமுன்பே இயற்கை இந்த வேலையைச் செய்துவந்தது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல்வானத்துக் காற்றணுக்களில் மோதுகின்றன. அங்கே பிறக்கும் மியூவான்களில் ஏறக்குறைய ஒன்று, விநாடிதோறும் உங்கள் உள்ளங்கையை ஊடுருவிச் செல்கிறது. கூடவே நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. இவை பூமியையே துளைத்துப் போகும். எதனோடும் மோதுவது மிக அரிது. மியூவான் மழையின் நடுவே அந்த அரிய நிகழ்ச்சியை எப்படிக் காண்பது? பாறைக்கு அடியில் ஒளிந்துகொள்ள வேண்டும்.

திருவண்ணாமலைக்கு வடமேற்கே உள்ள கோலார் தங்கச் சுரங்கம் அதற்கு வாய்த்தது. ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கருவிகளை நிறுவினார்கள். அங்கும் தப்பித்தவறி மேலிருந்து சில மியூவான்கள் இறங்கும். ஆனால் பக்கவாட்டில் வரும் துகள், பல கிலோமீட்டர் பாறையைக் கடந்தே வந்திருக்க வேண்டும். எந்த மியூவானாலும் அது ஆகாது. அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ மோதியதால் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். எவ்வளவு எளிய தர்க்கம்! 1965-இல் அத்தகைய தடங்கள் கிடைத்தன. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றிலும் கண்டார்கள்.

1980-களில் அச்சுரங்கத்திலேயே வேறொரு வேட்டை நடந்தது. புரோட்டானும் ஒருநாள் சிதையும் என்று புதிய கொள்கைகள் கூறின. 140 டன் எடையுள்ள இரும்புக் கருவியை வைத்துக் காத்திருந்தார்கள். சிதைவு போலத் தோன்றிய சில தடங்களை அறிவித்தார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்த பெரிய நீர்த்தொட்டிகள் அதை ஆதரிக்கவில்லை. புரோட்டான் சிதைவு இன்றுவரை கண்டறியப்படவில்லை.

நியூட்ரினோவோ ஏமாற்றவில்லை. வானத்து மோதல்களில் பிறந்த நியூட்ரினோக்கள் வழியில் இனம் மாறுகின்றன என்பதை 1998-இல் ஜப்பானியத் தொட்டி காட்டிற்று. நிறை இருந்தால்தான் அவை அவ்வாறு மாற முடியும். பழைய கொள்கையோ அவற்றுக்கு நிறையே இல்லை என வைத்திருந்தது. அதன் சுவரில் விழுந்த முதல் தெளிவான விரிசல் இதுவே என்பேன்.

கோலார்க் கருவியின் இரும்புக் குழாய்கள் வீணாகவில்லை. அவை உதகமண்டலம் சென்று, ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் மியூவான்களை எண்ணும் 'கிரேப்ஸ்-3' நிலையத்தில் இடம்பெற்றன. 2014 டிசம்பரில் ஓர் இடிமேகம் அந்நிலையத்தின் மேல் கடந்தபோது மியூவான்களின் எண்ணிக்கை சற்றே குறைந்தது. அதைக்கொண்டு மேகத்தினுள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டார்கள்.