ஆடாதவருக்கும் பங்கு உண்டா?

(இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)

 

இளைஞர் ஒருவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். "ஹஜ்ரத்! நான் சீட்டைத் தொடுவதே இல்லை. ஆடத் தெரிந்த நண்பருக்குப் பணம் மட்டும் கொடுக்கிறேன். வந்தால் பாதி எனக்கு. போனால் என் பணம்தான் போகும். இது முளாரபா போன்றதுதானே?" இக்கேள்வியை நாம் அலட்சியப்படுத்தவில்லை. ஃபிக்ஹை ஓரளவு அறிந்தே அவர் கேட்டிருக்கிறார்.

போக்கர் எனும் சீட்டாட்டத்தில் இது பழைய வழக்கம். அமெரிக்காவின் டெக்ஸாஸில் 1960களில் டாயில் பிரன்சன், அமரில்லோ ஸ்லிம், செய்லர் ராபர்ட்ஸ் எனும் மூவர் ஒரே பணப்பையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று ஆடினர். ஒருவர் தோற்றால் மற்றவரின் வெற்றி அவரைத் தாங்கியது. பிற்காலத்தில் மூவருமே உலகப் போட்டியில் வென்றனர். எனவே திறமைக்குக் குறைவில்லை. ஆயினும் லாஸ் வேகாஸ் சென்றபோது, பாடுபட்டுச் சேர்த்த பொதுப்பணம் கரைந்தது; கூட்டும் கலைந்தது.

1997இல் ஸ்டூ உங்கர் என்பவரிடம் உலகப் போட்டிக்கான 10,000 டாலர் கட்டணம் இல்லை. பில்லி பாக்ஸ்டர் கட்டினார். உங்கர் வென்ற 10 லட்சம் டாலரில் பாதி பாக்ஸ்டருக்குச் சென்றது. மறு ஆண்டு நவம்பரில், 45ஆம் வயதில், உங்கர் ஒரு விடுதி அறையில் இறந்து கிடந்தார். அவர் பங்கைப் போதையும் பந்தயமும் தின்றுவிட்டிருந்தன.

இவர்களிடையே 'மேக்கப்' என்றொரு நிபந்தனை உண்டு. ஆட்டக்காரர் இழந்த தொகை கணக்கில் ஏறும்; அடுத்த வெற்றி முதலில் அதை நிரப்பும்; மிஞ்சியதில்தான் பங்கு. முளாரபாவிலும் முதல் ஈடான பின்பே இலாபம் பிரிக்கப்படும். உருவம் ஒத்திருப்பது உண்மையே! ஆனால் முளாரபாவில் பணம் சரக்காகிறது. வாங்கியவர் வீட்டிற்கு அரிசியோ துணியோ செல்கிறது. சீட்டு மேசையில் ஒன்றும் விளைவதில்லை. நமக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் எதிரே அமர்ந்தவர் இழந்தது. மது வணிகத்திற்கு முளாரபா எழுதினால் மது ஹலாலாகுமா?

ஜாஹிலிய்யாக் காலத்து மைசிரும் கூட்டு ஆட்டமே. ஒட்டகத்தை அறுத்துப் பத்து அம்புகளைக் குலுக்குவர். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு இல்லை. வெற்று அம்பு வந்தவர் ஒட்டகத்தின் விலையைக் கொடுப்பார். வென்றவரோ இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை கொள்வார். (இன்றைய ஆட்டக்காரரிடம் அத்தனை தாராளம் இருக்குமா என்பது ஐயமே!) ஏழையின் வயிறு நிரம்பியும் அது விலக்கப்பட்டது. சூரா அல்பகராவின் 219ஆம் வசனம் அதிலுள்ள பயனை மறுக்கவில்லை. பாவம் பெரிது என்றே தீர்ப்பளிக்கிறது.

ஆகவே பணம் கொடுத்தவரும் அந்த ஆட்டத்தில் இருக்கிறார். கொடுத்த முதலில் மீதமிருந்தால் அது அவருடையது, திரும்பப் பெறலாம். மேலே வந்ததை, இழந்தவர் யாரெனத் தெரிந்தால் அவரிடமே சேர்க்க வேண்டும். தெரியாவிடில், நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியுள்ளது.

கூட்டாகப் பணம் போட்டுக் கடை வைக்க எண்ணும் இளைஞர்கள் வியாழன்தோறும் இஷாவுக்குப் பின் பள்ளியில் நம்மைச் சந்திக்கலாம். முளாரபா ஒப்பந்தத்தை இரு சாட்சிகளுடன் எழுதித் தருவோம்.