சிறு தொல்லைகளும் பெரும் பகையும்

(பெற்றோர் கூட்டத்தில் நம் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியின் மேன்மையைப் பற்றியும் ஒழுக்கத்தின் உயர்வைப் பற்றியும் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் இருக்கிறார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது சுண்டைக்காய் அளவுச் சங்கதி. பக்கத்து வீட்டுக் கோழி, எதிர் வீட்டுத் தொலைக்காட்சி, வழியை மறித்து நிற்கும் மோட்டார் சைக்கிள், கோயில் வாசலில் மாறிப்போகும் செருப்பு, வாங்கிக்கொண்டு போன சீனி திரும்பி வராதது, இவைதாம் என் தலைப்பு. சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய விஷயந்தான். ஆனால், இந்தச் சிரிப்புக்குரிய விஷயங்களால் நம் தோட்டத்தில் எத்தனை வீடுகள் எத்தனை வீடுகளோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கின்றன என்று ஒரு நிமிடம் மனத்துக்குள்ளே எண்ணிப் பாருங்கள்.

பெரிய துன்பம் வந்தால் நாம் கூடிவிடுகிறோம். ஒரு வீட்டில் சாவு என்றால் லயம் முழுவதும் அங்கேதான் நிற்கிறது. மழையில் கூரை பறந்தால் கேட்காமலே பத்துப் பேர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அப்படிப்பட்ட நாம், துணி காயப்போட்ட நேரத்தில் எவரோ குப்பையைக் கொளுத்திவிட்டார் என்றால் ஆறு மாதம் முகம் பார்ப்பதில்லை. காரணம் என்ன?

நாம் வாழும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். பழைய லயங்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்டவை. பல லயங்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சுவர் கூரைவரை எட்டாது. மேலே திறந்தே இருக்கும். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்மல் வரும். ஒரு வீட்டில் கணவன் மனைவி பேசுவது மூன்றாவது வீட்டில் கேட்கும். இன்று பலர் தனி வீடுகளுக்கும் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டார்கள். அங்கே சுவர் கூரைவரை எட்டுகிறது, சத்தம் மட்டும் நிற்கவில்லை. மேல் மாடியில் உரல் இடித்தால் கீழ் மாடியில் குழந்தை எழுந்துகொள்கிறது.

இரண்டாவதாக, நம் வேலையின் நேரத்தைப் பார்க்க வேண்டும். ரப்பர் மரத்தில் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே, மரம் வெட்டுகிறவர் கோழி கூவும் முன்னே எழுந்தாக வேண்டும். செம்பனைக் குலை வெட்டுகிறவரும் வெயிலுக்கு முந்தித்தான் காட்டுக்குள் இறங்குகிறார். அவருக்கு இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டில் ஓடும் படம் வெறும் சத்தமன்று. அது அவருடைய தூக்கத்தைத் திருடுகிறது. தூக்கம் கெட்டவனுக்கு எறும்பு கடித்தாலும் பாம்பு கடித்தது போலத்தான் இருக்கும்.

மூன்றாவது காரணம் நம் மனத்தில் இருக்கிறது. நம் பிள்ளை தகரத்தைத் தட்டினால் ‘என்ன சூட்டிகையான பிள்ளை’ என்கிறோம். அதே தகரத்தை அடுத்த வீட்டுப் பிள்ளை தட்டினால் ‘வளர்த்த லட்சணத்தப் பாரு’ என்கிறோம். தகரம் ஒன்றுதான், தட்டும் கைதான் வேறு. நாமே நிறுத்தக்கூடிய சத்தம் நம்மை வருத்துவதில்லை. நிறுத்த முடியாத சத்தந்தான் நரம்பைப் பிடித்து இழுக்கிறது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு குழாயில் விநாடிக்கு ஒரு சொட்டு நீர் வடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை சொட்டு? அறுபதை அறுபதால் பெருக்கி, அதை இருபத்து நான்கால் பெருக்கினால் 86,400 சொட்டு. ஒரு சொட்டைக் கையால் துடைத்துவிடலாம். 86,400 சொட்டை எந்தக் கை துடைக்கும்? சிறு தொல்லையின் கணக்கும் இதுதான். ஒரு நாள் வந்தால் சிரிப்பு, தினமும் வந்தால் பகை.

பெரியவர்கள் பேசாமல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், இதில் டீச்சருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வேலை இருக்கிறது. சொல்கிறேன்.

என் வகுப்பில் இரண்டு பெண் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்காருவார்கள். ஒருத்திக்குக் கணக்கு வரும், மற்றவளுக்கு வாசிப்பு வரும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து இருவருமே தேறிக்கொண்டு வந்தார்கள். ஒரு திங்கட்கிழமை அவர்களில் ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு கடைசி மேசைக்குப் போய்விட்டாள். கூப்பிட்டுக் கேட்டேன். “டீச்சர், இனிமே இவகூட உட்காரக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. இவங்க வீட்டுக் கோழி எங்க கீரைய எல்லாம் கிளறிப் போட்டுருச்சு” என்றாள். சொல்லும்போதே அவள் கண் கலங்கியிருந்தது. கோழிக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? ஆனால், அந்த மாதத் தேர்வில் இரு பிள்ளைகளுக்குமே புள்ளி குறைந்தது. ஐம்பது சென் கீரைக்குக் கொடுத்த விலை அது.

பெற்றோர்களே, பிள்ளைகள் நம் கோபத்தைச் சுமக்கும் கழுதைகளாகிவிடக் கூடாது. காட்டில் மண்டோர் அப்பாவை ஏசுகிறார். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாமீது எரிந்து விழுகிறார். அம்மா பிள்ளையின் முதுகில் ஒன்று வைக்கிறார். அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வந்து தன் பென்சிலை இரண்டாக ஒடிக்கிறது. ஒடிந்த பென்சிலைப் பார்க்கும்போது, அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு பெரியவரின் மூச்சிரைப்பு இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிகிறது.

சரி, என்னதான் செய்வது? அரிசியை முறத்தில் இட்டுப் புடைப்பது போல, நம் தொல்லைகளை ஒருமுறை புடைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அவை மூன்று வகையாகப் பிரியும்.

முதல் வகை, பொறுக்க வேண்டியவை. கைக்குழந்தை இரவில் அழுகிறது. வயதான தாத்தா விடிய விடிய இருமுகிறார். அதிகாலை வேலைக்குப் போகிறவர் மோட்டாரை உதைக்கிறார். மாணவன் உரத்து வாசிக்கிறான். திருவிழா மூன்று நாளும் ஒலிபெருக்கி பாடுகிறது. இன்று நம் தோட்டங்களில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் என்று வெளிநாட்டிலிருந்து வந்து உழைக்கிறவர்கள் நமக்கு அண்டை வீட்டாராக இருக்கிறார்கள். ஊரைப் பிரிந்த அவர்கள் மாலையில் தொலைபேசியில் வீட்டாரோடு கொஞ்சம் உரக்கப் பேசுகிறார்கள். நம் தாத்தா பாட்டிகளும் ஒரு காலத்தில் கடல் தாண்டி வந்தவர்கள்தாமே! அன்று அவர்களுக்கு ஒரு கடிதம் வந்தால் அதை வாசிக்கச் சொல்லி லயமே கூடியது. இந்த வகைத் தொல்லைகளில் யாருடைய குற்றமும் இல்லை. இவற்றைப் பொறுப்பதுதான் மனிதத் தன்மை.

இரண்டாம் வகை, சொல்ல வேண்டியவை. இரவில் அலறும் தொலைக்காட்சி, துணி காயும் நேரத்துப் புகை, அஞ்சடியில் குறுக்கே நிற்கும் வண்டி, கட்டாமல் விட்ட ஆடு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வியை ஒன்பது பேர் கேட்பது, இவையெல்லாம் சொன்னால் தீரும். சொல்லாமல் இருந்தால் உள்ளே புளித்துப் போகும். நாம் என்ன செய்கிறோம்? எதிரிலே சிரிக்கிறோம், குழாயடியில் நாலு பேரிடம் சொல்கிறோம். அந்த நாலு பேர் நாற்பது கால் வைத்து அனுப்புகிறார்கள். சொல்ல வேண்டியவரிடம் அது போய்ச் சேரும்போது கோழி யானையாகியிருக்கிறது.

சொல்வதற்கு ஒரு முறை உண்டு. கோபம் தலைக்கேறிய அந்த நேரத்தில் போகாதீர்கள், மறுநாள் போங்கள். நேரில் போங்கள், பிள்ளையைத் தூது விடாதீர்கள். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள், போன வருஷத்துக் கணக்கைத் திறக்காதீர்கள். “அண்ணே, எனக்குக் காலையில நாலரைக்கெல்லாம் எந்திரிக்கணும். பத்து மணிக்கு மேல கொஞ்சம் சத்தத்தக் குறைச்சிங்கன்னா உதவியா இருக்கும்” என்று சொன்னால் எந்த அண்ணன் குறைக்க மாட்டேன் என்பார்? அப்படிச் சொல்லப்பட்டவரும் “எங்க வீடு, எங்க இஷ்டம்” என்று சொல்லிவிடக் கூடாது. நம்மிடம் வந்து நேரில் சொன்னவர் நம்மை மதித்ததால்தான் வந்தார்.

திருக்குறளில் ‘இனியவை கூறல்’ பத்தாவது அதிகாரம், ‘பொறையுடைமை’ பதினாறாவது அதிகாரம். பத்தைத் தாண்டித்தான் பதினாறுக்குப் போக வேண்டும் என்று நான் என் மாணவர்களுக்கு வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இனிமையாகச் சொல்லிப் பார்க்காமலே ‘நான் எவ்வளவு பொறுத்தேன் தெரியுமா’ என்று சொல்லிக்கொள்வதில் பெருமை இல்லை.

மூன்றாம் வகை, பொறுக்கவே கூடாதவை. இதுதான் முக்கியம். சில விஷயங்கள் பார்வைக்குச் சிறு தொல்லை போலவே இருக்கும். வீட்டுப் பின்புறத்தில் மழைநீர் தேங்கிய ஒரு சாயத் தகரம், வெட்டாத மரத்தில் நிமிர்ந்து கிடக்கும் மங்கு, பழைய டயர். ‘இதுல என்ன இருக்கு’ என்று விட்டுவிடுகிறோம். ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடுகிறது. நீரைக் கொட்டினாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையில் பல மாதம் உயிரோடு இருக்கும். ஆகவே, தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒரு முறை பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வந்தால் போதும். டிங்கிக் காய்ச்சல், தகரம் யாருடையது என்று கேட்டுக் கடிப்பதில்லை. இதற்கென்றே நம் நாட்டில் 1975ஆம் ஆண்டு முதல், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் இருக்கிறது.

அதுபோலவே, ஒழுகும் கூரை, வாரத்துக்கு மூன்று நாள் வராத தண்ணீர், தொங்கும் மின்கம்பி. இவற்றையும் ‘நமக்குப் பழகிப்போச்சு’ என்று விடக் கூடாது. தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்து 1990ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்குத் தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கச் செய்வதும், வீட்டைப் பழுதுபார்த்து வைப்பதும் முதலாளியின் கடமை. பொறுமை வேறு, ஊமைத்தனம் வேறு. நம் முன்னோர் வாயில்லாப் பூச்சிகளாக இருந்த காலம் உண்டு. பல சங்கங்கள் இணைந்து 1954ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, லயத்துக்குள் முணுமுணுத்ததை ஒன்றாகச் சேர்ந்து சொல்லலாம் என்பதை நாம் கற்றுக்கொண்டோம். தண்ணீர் வராத நாளில் குழாயடியில் ஒருவர் வாளியை மற்றவர் தள்ளினால் அது சண்டை. எல்லாருமாகச் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட்டு அலுவலகத்தில் கொடுத்தால் அது கோரிக்கை. பக்கத்து வீட்டுக்காரியின் வாளியில் நம் கோபத்தைக் காட்டுகிறவரை குழாயில் தண்ணீர் வராது.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பறையிலும் இந்த மூன்று வகையும் உண்டு. பக்கத்துப் பையன் மூக்கை உறிஞ்சுகிறான், அவனுக்குச் சளி. பொறுத்துக்கொள்ளுங்கள். அழிப்பானை வாங்கியவன் திருப்பித் தருவதில்லை, நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டே இருக்கிறான். அவனிடமே சொல்லுங்கள். ஆனால், ஒரு பிள்ளையின் நிறத்தையோ, உடம்பையோ, அப்பா செய்யும் வேலையையோ வைத்துப் பட்டப்பெயர் கூப்பிடுவது மூன்றாம் வகை. கூப்பிடுகிறவனுக்கு அது ஒரு தடவை. கேட்கிற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நாற்பது தடவை. அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே நிற்கும், ராத்திரியில் அழும். உடனே எங்களிடம் வந்து சொல்லுங்கள். அது கோள் சொல்வதாகாது.

பெரியோர்களே, நான் நீண்ட நேரம் எடுத்துக்கொண்டேன். பேச்சு நீண்டுபோவதும் ஒரு சிறு தொல்லைதான் என்பதை நான் அறிவேன். கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாம் எல்லாரும் அடுத்தவர் கொடுக்கும் தொல்லையைக் கணக்கு வைத்திருக்கிறோம். நாம் கொடுக்கும் தொல்லைக்கு நம்மிடம் கணக்கு இல்லை. அந்தக் கணக்குப் புத்தகம் பக்கத்து வீட்டில் இருக்கிறது. இந்த வாரம் ஒரு நாள் மாலை அந்த வீட்டுக்குப் போய், “எங்க வீட்டால உங்களுக்கு ஏதாச்சும் தொந்தரவு இருக்கா? கூச்சப்படாம சொல்லுங்க” என்று கேளுங்கள். கேட்கச் சிரமமாகத்தான் இருக்கும். ஆனால், கேட்டுவிட்டால் பாதிப் பகை அங்கேயே கரைந்துவிடும். மீதிப் பாதியை ஒரு கோப்பைத் தேத்தண்ணி பார்த்துக்கொள்ளும்.

உங்கள் பிள்ளைகளை எங்களிடம் அனுப்பும்போது புத்தகத்தையும் பசியாறுவதற்கு உணவையும் பையில் வைத்து அனுப்புங்கள். பெரியவர்களின் பகையை மட்டும் அந்தப் பையில் வைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே அது கனமாகத்தான் இருக்கிறது.