எழுத்தில் தடுமாறும் பிள்ளைகள்

(மக்தப் மதரஸா ஆண்டு விழாவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



இருபது ஆண்டுகளுக்கு முன் இராஜபாளையத்தில் என்னிடம் ஒரு மாணவன் ஓதினான். சூரத்துல் முல்க்கின் 30 வசனங்களையும் பிறர் ஓதக் கேட்டே மனனம் செய்திருந்தான். ஆனால் அறியாத பக்கத்தில் ஒரு வரியைக் காட்டினால் பாவும் தாவும் அவனுக்கு ஒன்றாகிவிடும். பள்ளிக்கூடத்தில் தமிழும் அப்படியே. சோம்பேறி என்று எண்ணிப் பிரம்பால் அடித்தேன். எட்டாம் வகுப்போடு நின்று, சத்திரப்பட்டிக்குப் பேண்டேஜ் துணி நெய்யப் போய்விட்டான். அது டிஸ்லெக்சியாவாக இருந்திருக்கலாம் என்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன்.

1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர் இத்தகைய 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடங்கள் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவனே கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம்.

இது கண்ணின் கோளாறன்று, அறிவின் குறைவுமன்று. எழுத்தை ஒலியோடு இணைப்பதில் ஏற்படும் தடை. கற்றதை நெடுநாள் காக்கும் நினைவு வேறு. வாசிக்கும்போது சொற்களைச் சற்று நேரம் ஏந்தி வைத்திருக்கும் நினைவு வேறு. பின்னது உள்ளங்கைத் தண்ணீர் போன்றது. எழுத்தெழுத்தாகக் கூட்டி ஆறாவது சொல்லுக்கு வருவதற்குள் முதற்சொல் சிந்திவிடுகிறது. பிறகு பொருள் எப்படி விளங்கும்? அதே பாடத்தை நாம் வாசித்துக் காட்டினால் சரியாக விடை சொல்வான். சிலருக்குக் கேட்டதும் விரைவில் மறக்கும். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல் இல்லை.

உஸ்தாதுமார்கள் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. மனனமாகத் தெரிந்த சூராவின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே பிள்ளை ஓதும். நாம் வாசிக்கிறது என்று நம்பிவிடுவோம். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள், உண்மை வெளிப்படும்.

நபி (ஸல்) அவர்கள் எழுதப் படிக்கக் கற்றவர்கள் அல்லர். ஜிப்ரீல் (அலை) அவர்கள் ஓதக் கேட்டே குர்ஆனை நெஞ்சில் ஏந்தினார்கள். செவிவழிக் கல்வி நமக்கு இழிவாகுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஒரு தாய், "ஹஜ்ரத், என் மகளுக்கு ஊனம் என்று எழுதி வாங்கச் சொல்கிறீர்களா? நாளை யார் பெண் கேட்பார்கள்?" என்று அழுதார். அவருடைய அச்சம் பொய்யென்று நான் சொல்லவில்லை. எனினும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் அரசுத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். சொல்வதை எழுத ஆள் கேட்கலாம். விருதுநகரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். விசாரிக்கத் தயங்கி அப்பிள்ளையின் பத்தாம் வகுப்பை இழந்துவிடாதீர்கள்.

இக்குறை குடும்ப வழியிலும் வருவதுண்டு. தறிக்குப் போன அந்த மாணவனின் மகன் இன்று நம் மக்தபில் ஓதுகிறான். அவனும் தாவில் நிற்கிறான். நாளுக்கு ஓர் எழுத்து. மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லிப் பழகுகிறான். பிரம்பை எடுத்துவிட்டேன்.