குன்றின்மேல் ஒரு சிற்றூர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்தாலி நாட்டுக்குச் சென்று வந்தேன் என்று சொன்னால், ரோமாபுரியைக் கண்டீரா, வெனிஸ் நகரில் படகேறினீரா, பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம் இன்னும் சாய்ந்துதான் நிற்கிறதா என்று கேட்பது உலக வழக்கம். அவற்றைப் பற்றிப் பேசுவோர் பலர். எழுதிய நூல்களும் பல. ஆதலின், இன்று நான் உங்கள் முன் பேச எடுத்துக்கொண்டது ஏறத்தாழ அறுநூறு பேரே வாழும் ஒரு சிற்றூரைப் பற்றி. அதன் பெயர் பார்பரெஸ்கோ.

அவ்வூர் திராட்சை மதுவுக்குப் பேர்பெற்றது. வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவரைப் போற்றும் அவையில் மதுவின் புகழ் பாட நான் வரவில்லை. தாய்மார்கள் அஞ்ச வேண்டியதில்லை! நான் சொல்ல வந்தது கோப்பையில் இருப்பதைப் பற்றி அன்று. கொடியை வளர்த்த குடியானவனைப் பற்றி.

இத்தாலியின் வடமேற்கில் பியத்மாந்து என்றொரு மாநிலம் உண்டு. அதன் தலைநகர் டூரின். அங்கிருந்து ரயிலில் தென்கிழக்கே சென்றால் ஆல்பா என்னும் நகரம் வரும். ஆல்பாவிலிருந்து குன்றுகளின் மேலேறிச் செல்லும் சாலை நம்மைப் பார்பரெஸ்கோவில் கொண்டு சேர்க்கிறது. லாங்கே என்பது இக்குன்றுத் தொடரின் பெயர். அக்டோபர் மாதத்துக் காலை நேரத்தில் பள்ளத்தாக்குகள் எல்லாம் மூடுபனியால் நிரம்பியிருக்கும். குன்றின் உச்சிகள் மட்டும் கடலில் தீவுகள் போல மிதக்கும். இங்கே விளையும் திராட்சைக்கு நெபியோலோ என்று பெயர். இத்தாலிய மொழியில் மூடுபனிக்கு நெபியா என்று பெயர்; அதிலிருந்தே இப்பெயர் வந்தது என்பாரும் உளர்.

ஊருக்கு ஒரே ஒரு முதன்மைத் தெரு. தெருவின் ஒரு கோடியில் மாதாகோயிலும், இடைக்காலத்தில் காவலுக்காகக் கட்டிய சதுரமான செங்கல் கோபுரமும் நிற்கின்றன. கோபுரத்தின் மேலிருந்து நோக்கினால், கீழே தானரோ ஆறு வளைந்து செல்வது தெரியும். வானம் தெளிந்த நாளில் தொலைவில் ஆல்ப்ஸ் மலையின் பனிமுடிகள் தெரியும். நான் சென்றபோது தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு கிழவர் தம் வாயிற்படியில் அமர்ந்து பிரம்புக் கூடை ஒன்றைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். மாதாகோயில் மணியோசையும், சரிவுகளில் திராட்சை பறிப்போர் ஒருவரை ஒருவர் அழைக்கும் குரலுமே கேட்டன. அப்படியோர் அமைதி!

இக்குன்றுகளின் மண் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலின் அடியில் கிடந்த மண். சுண்ணாம்பும் களியும் கலந்து நீலச் சாம்பல் நிறமாக இருக்கும். வெயில் நன்கு விழும் சரிவை அவ்வூரார் தம் வட்டார மொழியில் 'சோரி' என்பர். குன்றின் உச்சியைப் 'பிரிக்கோ' என்பர். மாரிக்காலத்தில் பனி எங்கே முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோவை நடு என்பது முன்னோர் சொல்லிச் சென்ற முறை. குளிர்காலத்தில் கவாத்து, வசந்தத்தில் கொடிகளைக் கம்பியில் கட்டுதல், கோடையில் மிகுந்த தளிரையும் குலையையும் கிள்ளி எறிதல், பின் கையாலேயே பறித்தல் என ஆண்டு முழுவதும் ஓயாத வேலை. பறித்த பழத்தின் சாறு புளித்து மதுவானபின், சட்டப்படி இருபத்தாறு மாதங்கள் காத்திருந்தே விற்க வேண்டும். அதில் ஒன்பது மாதங்களேனும் மரப்பீப்பாயில் இருத்தல் வேண்டும். இவ்வாறு இன்று உழைப்பவன் பயனைக் காண மூன்றாவது ஆண்டு வரை பொறுத்திருக்க வேண்டும்.

அன்பர்களே! பொறுத்திருக்கக் கையில் பொருள் வேண்டும் அன்றோ? ஏழைக் குடியானவனுக்கு அது ஏது? இவ்வூரின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

இன்று செல்வம் கொழிக்கும் லாங்கேக் குன்றுகள் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வறுமைக்குப் பேர்போனவை. சிறு நிலமுடையோர் பழத்தை ஆல்பா நகரச் சந்தைக்கு வண்டியில் கொண்டு செல்வர். பறித்த பழம் காத்திருக்காது. மாலைக்குள் விற்காவிடில் கெடத் தொடங்கும். இதனை அறிந்த வணிகர் தாம் வைத்ததே விலை என்றிருந்தனர். நிலம் இல்லாதோர் வாரக்குடிகளாகவும், ஆண்டுக் கூலிக்குப் பண்ணையாட்களாகவும் உழன்றனர். பையன்களைப் பண்ணை வேலைக்கு விட்டுவிடும் அவலத்தை, ஆல்பா நகரில் பிறந்த எழுத்தாளர் பெப்பே பெனோலியோ 1954-ல் வெளிவந்த தம் 'லா மலோரா' என்னும் கதையில் உள்ளம் உருக எழுதியுள்ளார்.

இந்நிலையை மாற்ற முதலில் முனைந்தவர் தொமித்சியோ கவாத்சா என்பவர். ஆல்பாவில் இருந்த அரசு மதுவியல் பள்ளியின் தலைவர் அவர். அதுவரை பார்பரெஸ்கோவில் விளைந்த நெபியோலோ தனிப் பெயரின்றி, பரோலோ என்னும் அண்டை ஊரின் மதுவுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. விளைவித்தவன் ஒருவன், பெயர் பெற்றவன் வேறொருவன். கவாத்சா 1894-ல் ஒன்பது நிலக்காரர்களை ஒன்று திரட்டி, தமக்குச் சொந்தமான அவ்வூர்க் கோட்டையிலேயே கூட்டுறவு மதுச்சாலை ஒன்றை நிறுவினார். மதுவுக்கு ஊரின் பெயரையே சூட்டினார். 1913-ல் அவர் மறைந்தார். முதல் உலகப் போர் வந்தது. பின்னர்ப் பாசிச ஆட்சி வந்தது. அவ்வாட்சிக் காலத்தில் கூட்டுறவுச் சாலையின் கதவு அடைக்கப்பட்டது. ஒற்றுமை கலைந்தது, குடியானவர் மீண்டும் சந்தை வணிகரின் கையில் விழுந்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊர்கள் காலியாகத் தொடங்கின. டூரின் நகரத்து மோட்டார்த் தொழிற்சாலைகள் மாதச் சம்பளம் கொடுத்தன. அந்தச் சம்பளத்தின் முன் குன்றுச் சரிவு எம்மாத்திரம்? இளைஞர் புறப்பட்டனர், பெண்களும் புறப்பட்டனர். குடியானவனுக்குப் பெண் கொடுக்க அக்கம்பக்கத்தில் ஆளில்லை. ஆகவே, தென்கோடியான கலாபிரியா முதலிய இடங்களிலிருந்து மணப்பெண்கள் ரயிலேறி வந்தனர். மொழி வேறு, உணவு வேறு, குளிரோ புதிது. அம்மகளிரின் வாய்மொழியையும் குன்றுநாட்டுப் பெண்களின் வாய்மொழியையும் நூத்தோ ரெவெல்லி என்பவர் ஒலிப்பதிவு செய்து 1985-ல் நூலாக்கினார். அந்நூலின் பெயர் 'வலிய கண்ணி' எனப் பொருள்படும். சங்கிலி அறுந்துபோகாமல் காத்தவர்கள் பெண்களே என்பது அவர் கண்ட உண்மை. அயலூரில் குடியேறி, அறியாத மொழிக்கு நடுவே அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குத் தாய்மொழி ஊட்டிய தாய்மார்கள் இவ்வவையில் எத்தனை பேர்! அவர்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

1958-ஆம் ஆண்டில் ஊரின் பாதிரியாரான பியோரினோ மாரெங்கோ இனியும் பொறுத்தலாகாது என்று துணிந்தார். பத்தொன்பது சிறு குடியானவர்களை அழைத்தார். தனித்தனியே நின்றால் ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போவீர்கள். கூடி நின்றால் வாழ்வீர்கள் என்பதே அவர் கருத்து. புதிய கூட்டுறவு பிறந்தது. கட்டடம் கட்டப் பணமில்லை. என்ன செய்தார்கள்? மாதாகோயிலின் நிலவறையிலேயே முதல் மூன்று ஆண்டுகளின் மதுவை ஆக்கினார்கள்! பின்னரே சதுக்கத்தின் எதிர்ப்புறத்தில் தமக்கென ஒரு கட்டடம் எழுப்பினார்கள். அக்கூட்டுறவு இன்றும் அங்கேயே இயங்குகிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் அதில் உறுப்பினர்கள். ஏறத்தாழ நூறு ஹெக்டேர் நிலம் அவர்களுடையது.

அவர்களுடைய விதிகள் சிலவே. நிலம் அவரவருக்கே சொந்தம். பழம் மட்டும் பொது. பழத்தின் தரத்துக்கேற்ப விலை. எல்லாவற்றிலும் முதன்மையானது, உறுப்பினர் தம் நெபியோலோ முழுவதையும் கூட்டுறவுக்கே கொடுத்தாக வேண்டும் என்பது. நல்ல குலையை வெளியே கூடுதல் விலைக்கு விற்றுவிட்டு, எஞ்சியதைச் சங்கத்தின் தலையில் கட்டுதல் கூடாது. தம் காலத்தில் எஞ்சியதை மட்டுமே சங்கத்துக்குத் தரும் உறுப்பினர் நம்மிடையே எவரும் இல்லை என்று நம்புகிறேன்!

அதே காலத்தில் ஆல்பா நகரில் வேறொரு முயற்சியும் நடந்தது. 1946-ல் தொடங்கிய பெரேரோ மிட்டாய்த் தொழிற்சாலை, குன்றூர்களுக்குத் தானே பஸ் அனுப்பித் தொழிலாளரை அழைத்து வந்து மாலையில் வீட்டில் கொண்டு சேர்த்தது. காலையில் ஆலை, மாலையில் தோட்டம் எனக் குடும்பங்கள் சொந்த ஊரிலேயே தங்கின. இதனால் பல வீடுகளில் விளக்கு அணையாமல் இருந்தது.

1966-ல் அரசு பார்பரெஸ்கோ என்னும் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. 1980-ல் அதனை இன்னும் உயர்ந்த தகுதிக்கு ஏற்றியது. எனினும், 1986-ல் பியத்மாந்து நாடே தலைகுனிய நேர்ந்தது. பேராசை பிடித்த சிலர் மலிவான மதுவில் மெத்தனால் என்னும் நஞ்சைக் கலந்து விற்றனர்; இருபது பேருக்குக் குறையாமல் மாண்டனர்; பலர் கண்ணொளி இழந்தனர். இத்தாலிய மது என்றாலே உலகம் அஞ்சிற்று. அளவை விடத் தரமே தம்மைக் காக்கும் என்று குடியானவர் அனைவரும் அன்று உணர்ந்தனர். அதன்பின் அவர்கள் கட்டியெழுப்பிய நற்பெயர்தான் இன்று காணும் வளம். 2014-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இக்குன்றுகளின் திராட்சை நிலங்களை உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்தது. ஒருவரும் வேண்டாமென்று விட்டுச் சென்ற சரிவுகள் இன்று பொன்விலை பெறுகின்றன.

ஆயினும் இன்னும் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அந்தச் சரிவுகளில் இன்று பழம் பறிக்கும் கைகள் பெரும்பாலும் அயலாருடையவை. மாசிடோனியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். சிலர் பல ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வாழ்கின்றனர். நிலையான வேலையும் பெற்றுள்ளனர். வேறு சிலரோ இடைத்தரகர் கையில் அகப்பட்டு, குறைந்த கூலிக்கு உழைத்து, உறங்க இடமின்றி வாடுகின்றனர், இதனை இத்தாலியப் பத்திரிகைகளே எழுதியுள்ளன, நீதிமன்றங்களும் விசாரித்துள்ளன. ஒரு காலத்தில் அர்ஜெந்தீனாவுக்கும் பிரான்சுக்கும் பிழைக்கச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று அந்நிலங்களின் உடைமையாளர்கள். சந்தையில் அன்று தம் பாட்டனார் கைகட்டி நின்றதை அவர்கள் நினைவிற் கொள்வார்களானால், இன்று கூடையோடு வந்து நிற்பவனுக்கு நீதி கிடைக்கும். பார்பரெஸ்கோவின் அடுத்த சோதனை இதுவே என்று நான் கருதுகிறேன்.

இக்குன்றுநாட்டிலேயே சாந்தோ ஸ்தேபனோ பெல்போ என்னும் ஊரில் பிறந்தவர் செசாரே பவேசே. 1950-ல் வெளிவந்த அவருடைய நாவலான 'நிலவும் சொக்கப்பனையும்' அமெரிக்கா சென்று பொருளீட்டிய ஒருவன் போருக்குப் பின் தான் வளர்ந்த ஊருக்குத் திரும்பும் கதை. குன்றுகள் அப்படியே இருக்கின்றன. அறிந்த முகங்கள் பல இல்லை. ஊர் என்பது மண் மட்டும் அன்று, அங்கு நமக்காகக் காத்திருப்பவர்களும் சேர்ந்ததே ஊர் என்பதை அக்கதையைப் படிப்போர் உணர்வர்.

அன்பர்களே, நாமும் ஊரை விட்டு வந்தவர்கள். வேலை நிமித்தம் வந்தோம். வந்த இடத்தில் வேரும் விட்டோம். அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. டூரின் சென்ற மகன் அனுப்பிய பணத்தால் கவாத்துக் கூலி கொடுத்த தகப்பன்மார் லாங்கேயிலும் உண்டு. ஆயினும், நம் பங்காளியிடம் பூட்டிக் கிடக்கும் வீடும், விலைபேசக் காத்திருக்கும் இரண்டு காணி நிலமும் நம் நினைவில் வரத்தான் செய்கின்றன. அவற்றை வைத்துக்கொள்க என்றோ விற்றுவிடுக என்றோ சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று சொல்வேன். விற்பதற்கு முன், அந்நிலத்தைச் சுற்றியுள்ள பத்தொன்பது பேரைக் கூட்டிப் பேசிப் பார்த்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அங்கே கூட்ட இயலாவிடில், இங்கேயேனும், இக்காலனியிலேனும், நேற்று வந்திறங்கிய தமிழ்த் தொழிலாளியின் கதவைத் தட்டி, "தம்பி, சாப்பிட்டாயா? வீடு கிடைத்ததா?" என்று கேட்போம்.

நிலவறையில் தொடங்கியவர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். ஒரு சிறு கூடத்தில், ஒரு பாயில், ஒரு கூஜாத் தண்ணீரோடு தொடங்குவதுதானே நம் போன்ற சங்கங்களின் வழக்கம்? நம் குலையில் நல்லதைச் சங்கத்துக்குக் கொடுப்போம்.